குப்பை என்னும் சொல்லும் ஒரு கல்லூரிச் சாலையும்

முதுகலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் பெரும்பாணாற்றுப்படை நடத்திக்கொண்டிருந்தேன். களத்தில் அடித்துத் தூற்றிக் குவித்த நெல்லைப் புலவர் ‘குப்பை’ என்று குறிக்கும் இடம் வந்தது. பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. உமணர் வண்டியேற்றிச் செல்லும் உப்பும் சங்கப் பாடல்களில் குப்பையாகத்தான் கிடக்கிறது என்றேன். சிரிப்பு இன்னும் கூடியது. ஒரு மாணவர் மட்டும் சிரிக்காமல் எழுந்து, “அப்படியானால் குப்பை எப்போது குப்பை ஆயிற்று, ஐயா?” என்று கேட்டார்.

குவிதல் என்னும் வினையோடு உறவுடைய சொல் அது. குவியல் என்பதே அதன் பழம்பொருள். ‘நாற்றம்’ என்ற சொல் நறுமணத்திலிருந்து கெட்ட வாடைக்கு இறங்கியதுபோல இதுவும் இழிபொருட்பேறு அடைந்தது என்று மொழியியல் பாடத்தில் உள்ள விடையைச் சொல்லி முடித்தேன். மாணவர் அமர்ந்துவிட்டார். எனக்குத்தான் அமைதி வரவில்லை. ஒரு சொல் எப்போது தாழ்ந்தது என்று கேட்டால், அச்சொல் குறித்த பொருளுக்கு என்ன நேர்ந்தது என்றும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்? அந்தக் கேள்வியோடு சில மாதங்கள் அலைந்ததன் விளைவு இக்கட்டுரை. இதில் பாதி என் ஊரைப் பற்றியது. மறுபாதி, கல்விக்கூட வளாகங்கள் தம் குப்பையை என்ன செய்தன என்பது பற்றியது.

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டி. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் ஊர். வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்தால் பருத்தி, சோளம், கம்பு, மல்லி, மிளகாய். பொய்த்தால் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பு. நான் சிறுவனாக இருந்த எண்பதுகளில் சம்சாரி வீடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குப்பைக்குழி இருந்தது. தொழுவத்துச் சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், அடுப்புச் சாம்பல், மாடு தின்று கழித்த சோளத்தட்டை, வாசல் கூட்டிய தூசி, வெங்காயத் தோல் என்று எல்லாம் ஆண்டு முழுவதும் அதில் போய்ச் சேரும். கோடை உழவு முடிந்து ஆனி, ஆடி வாக்கில் ‘குப்பையடிப்பு’ தொடங்கும். வண்டியின் இருபுறமும் தட்டி கட்டி, மட்கிக் கறுத்ததை வெட்டி ஏற்றிப் புஞ்சையில் சிறு சிறு குவியலாக இறக்கி வைப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நிலம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். உழுவதினும் எருவிடுதல் நல்லது என்று வள்ளுவர் உழவு அதிகாரத்தில் சொல்வதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வண்டிமேல் உட்கார்ந்து படித்திருக்கிறேன். (அதற்கு முந்தைய குறளில், மண்ணைக் கால்பங்காகக் காயும்படி உழுதுவிட்டால் ஒருபிடி எருவும் வேண்டியதில்லை என்றும் அவரே சொல்கிறார். எங்கள் ஊரில் இவ்விரண்டில் முந்தையதைச் சொல்லி எரு போடாமல் தப்பித்தவர்களும் உண்டு.)

குப்பைக்குழிக்கு உரிமையாளர் உண்டு என்பதை இன்றைய மாணவர்களுக்கு விளக்குவது கடினம். ஒருவர் குழியில் இன்னொருவர் அள்ளிவிட்டால் பஞ்சாயத்து வரும். பாகப்பிரிவினையில் குப்பையையும் வண்டிக்கணக்கில் பங்கு வைப்பார்கள். குழி போதாதவர்கள் கீதாரிகளிடம் சொல்லி ஆட்டுக்கிடை போடச் செய்வார்கள். ஓர் இரவு ஆடுகள் நிலத்தில் படுத்துக் கிடப்பதற்குக் கூலி உண்டு. கழிவுக்குக் காசு கொடுத்த உலகம் அது.

ஒருமுறை உடைந்த சோடாப்புட்டித் துண்டைக் குழியில் எறிந்ததற்கு அப்பத்தாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். “கண்டதையும் குப்பையில போடாதடா. மாட்டுக் கால்ல ஏறிரும்” என்றாள். அந்த வாக்கியத்தை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. குப்பை என்பது கண்டதையும் போடுகிற இடம் இல்லை! உடைந்த கண்ணாடிக்குத் தனியே ஒரு முள்வேலி ஓரம் உண்டு. ஓட்டைப் பாத்திரமும் இரும்பும் “ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்” என்று கூவி வருபவருக்கு. கஞ்சித் தண்ணீரும் சோற்று மிச்சமும் மாட்டுக்கான கழுநீர்த் தொட்டிக்கு. எங்கள் பக்கம் அதைக் குளுதாடி என்போம். கிழிந்த துணி கரித்துணிக்கு, விளக்குத் திரிக்கு. மட்கக்கூடியது மட்டுமே குழிக்கு. நெற்குப்பையில் நெல் மட்டும், உப்புக் குப்பையில் உப்பு மட்டும் இருந்ததைப்போல எருக்குப்பையில் எரு மட்டும் இருந்தது. அப்பத்தா பெரும்பாணாற்றுப்படையைக் கேள்விப்பட்டிருக்கமாட்டாள். ஆனால் சொல்லைப் பழம்பொருளில்தான் வைத்திருந்தாள்.

இதை ஒரு பொற்காலச் சித்திரமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சம்சாரி வீட்டுக் குப்பைக்கு உரிமையாளர் இருந்தார். ஊர்ப்பொது அழுக்குக்கு இல்லை. தெருவைக் கூட்டவும், செத்த மாட்டை இழுக்கவும், விழா முடிந்த பின் எச்சில் இலை அள்ளவும் சாதியால் குறிக்கப்பட்ட சில குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்குக் கூலி என்று கொடுத்ததை இன்று எழுதக் கை கூசுகிறது. எரு சுமப்பதில் வராத இழிவு, எச்சில் சுமப்பதில் எப்படி வந்தது? தன் வீட்டுக் குப்பையைத் தானே அள்ளுவது உழவு. பிறர் கழித்ததை அள்ளுவது இழிதொழில் என்று வகுத்த கோடு ஊருக்குள் அப்போதே அழுத்தமாக இருந்தது. பின்னர் வளாகங்கள் பெருகியபோது அவை ஊரிலிருந்து குப்பைக்குழியை எடுத்துக்கொள்ளவில்லை, இந்தக் கோட்டைத்தான் எடுத்துக்கொண்டன.

குழி எப்போது கெட்டது என்பதற்கு ஓரளவு துல்லியமாகவே ஆண்டு சொல்லலாம். கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர், சிறிய தொகைக்குச் சிறிய அளவில் பொருளை உறையிலிட்டு விற்கும் முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய மக்கள் காலத்தில் அது ஷாம்பூ உறையாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குள் பரவியது. ‘வெல்வெட்’ முதலில், 1983-இல் ‘சிக்’. முழுப்புட்டி வாங்க இயலாத கூலிக்காரப் பெண்ணும் வாரம் ஒருநாள் சீயக்காயை விட்டு ஷாம்பூ போட முடிந்தது. வணிக வரலாற்றில் அதை ஒரு பெரிய கண்டுபிடிப்பு என்கிறார்கள், மறுக்க மாட்டேன். எங்கள் வீட்டுப் பெண்களும் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த உறை எங்கே போவது? அது மட்காது. பேரீச்சம்பழக்காரரும் எடுக்கமாட்டார். வேலியோரம் போடும் அளவுக்கு அது ஆபத்தானதாகவும் தெரியவில்லை. கையளவே இருந்ததால் யாரும் யோசிக்காமல் குழியில் போட்டார்கள். பின்னால் பாக்கு உறை, பால் உறை, கடைப் பை என்று ஒவ்வொன்றாக வந்தன. தொண்ணூறுகளின் நடுவில் குப்பையடித்த புஞ்சையில் உழும்போது கொழுவில் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு வந்தது. யூரியா மூட்டையும் எளிதாகக் கிடைத்துவிட்ட நேரம். குழிக்குள் எதை வேண்டுமானாலும் போடலாம் என்ற நிலை வந்தவுடன் குழியை யாரும் வெட்டி எடுக்கவில்லை. எங்கள் ஊரைப் பொறுத்தவரை குப்பை குப்பை ஆனது அப்போதுதான்.

இனி வளாகத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகம், கல்லூரி என்பவை பல நூறு பேர் உண்டு, எழுதி, உறங்கி வாழும் ஊர்கள். புஞ்சை இல்லாத ஊர்கள். ஆகவே அங்கே குப்பைக்குப் போய்ச்சேரும் இடம் இல்லை. இந்தச் சிக்கலை நம் நாட்டில் முதலில் கல்வியின் கேள்வியாக எழுப்பியவர் காந்தி என்றே நினைக்கிறேன்.

1915 பிப்ரவரி 17 அன்று காந்தி சாந்திநிகேதனுக்கு வந்தார். தென்னாப்பிரிக்காவில் அவர் நடத்திய பீனிக்ஸ் குடியிருப்பின் பிள்ளைகள் அவருக்கு முன்பே அங்கு வந்து தங்கியிருந்தனர். கோகலே இறந்த செய்தி கேட்டுப் புனே சென்று, மார்ச் முதல் வாரத்தில் திரும்பி வந்தவர், ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு யோசனையை வைத்தார். சம்பளத்துக்கு அமர்த்திய சமையற்காரர்களை நிறுத்திவிட்டு, சமைப்பதையும் துப்புரவு செய்வதையும் நாமே செய்தால் என்ன? தாகூர் இசைந்தார். மார்ச் 10 அன்று தொடங்கினார்கள். 125 மாணவர்கள். ஒரு குழு காய்கறி நறுக்கியது, இன்னொரு குழு தானியம் புடைத்தது, ஆசிரியர்கள் சிலர் மண்வெட்டியோடு சமையற்கூடத்தின் சுற்றுப்புறத்தைத் துப்புரவு செய்தார்கள். மண்வெட்டியும் கையுமாக அவர்களைப் பார்த்த மகிழ்ச்சியைக் காந்தி தன் வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தச் சோதனை சில காலத்துக்குப் பின் கைவிடப்பட்டது என்பதையும் அதே பக்கங்களில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அது கைவிடப்பட்ட பின் நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஆண்டுதோறும் மார்ச் 10 அன்று சாந்திநிகேதனில் ‘காந்தி புண்ணியாஹ’ என்று ஒரு நாள் கொண்டாடப்படலாயிற்று. அன்று ஊழியர்களுக்கு ஓய்வு. மாணவர்களும் ஆசிரியர்களும் வளாகத்தைத் தாமே துப்புரவு செய்வார்கள். அழகான மரபு. எனினும் அன்றாடம் செய்யச் சொன்னதை ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் விழாவாக்கிக் காப்பாற்றுவது நமக்குக் கைவந்த கலை. 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டமும் இந்த மரபின் பிள்ளைதான். நானும் அதில் திட்ட அலுவலராக மூன்றாண்டுகள் இருந்தவன். முகாமில் கோவில் குளத்தைத் துப்புரவு செய்த மாணவர்கள், மாலையில் தேநீர் குடித்த கோப்பைகளைக் குளக்கரையிலேயே விட்டுவிட்டு வண்டியேறியதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லவில்லை. கோப்பையை எங்கே போடுவது என்று நானும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

சாந்திநிகேதனுக்கு அடுத்த ஆண்டு, 1916 பிப்ரவரியில், காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் தொடக்க விழா. மன்னர்களும் அன்னி பெசண்ட் அம்மையாரும் அமர்ந்திருந்த மேடையில் காந்தி பேசியவற்றுள் விசுவநாதர் ஆலயத்தைச் சுற்றிய சந்துகளின் அழுக்கும், இரயில் பெட்டியில் துப்பி வைக்கும் பழக்கமும் உண்டு. அவ்வுரை பாதியில் நின்றதற்குக் காரணம் அவர் பேசிய வேறு அரசியல் செய்திகள். ஆயினும் ஒரு பல்கலைக்கழகம் பிறக்கும் நாளில் குப்பையைப் பற்றிப் பேசியவர் ஒருவர் இருந்தார் என்பதை நம் கல்வி வரலாற்று நூல்கள் ஒரு வரியிலாவது சொல்லலாம்.

காந்தி கைகளைப் பற்றிப் பேசினார். பொருளைப் பற்றிப் பேசியவர் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலார். 1905-இல் பீகாரின் பூசாவுக்கு வந்தவர், இந்திய உழவர்களையே தம் ஆசிரியர்களாகக் கருதியவர். 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தை நடத்தினார். அதன் பண்ணையில் விழுந்த இலை, தட்டை, களை, சாணம், மூத்திர மண் எதையும் வெளியேற்றாமல் குழியிலிட்டு, மூன்றுமுறை புரட்டி, மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். ‘இந்தூர் முறை’ என்று உலகம் அதை அழைத்தது. யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாரோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் 1931-இல் வந்தது. இன்று இயற்கை வேளாண்மை பேசுவோர் அனைவரும் ஏதோ ஒரு வகையில் அந்த நூலுக்குக் கடன்பட்டவர்கள். படித்தபோது எனக்கு எழுந்த எண்ணம் எளியது: இது அப்பத்தாவின் குழிதான், அளவும் கணக்கும் சேர்ந்திருக்கின்றன.

எங்கள் பக்கத்துக்கு நெருங்கிய இன்னொரு பெயரும் உண்டு. தஞ்சையில் 1892-இல் பிறந்து, கணக்காயராகப் பயின்று, காந்தியின் கிராமத் தொழில்களுக்குப் பொருளியல் எழுதிய ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். விருதுநகரிலிருந்து பேருந்தில் ஒருமணி நேரத்துக்குள் போய்விடலாம். சிறையிலிருந்து அவர் எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றிய நூலின் அடிப்படை, மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்பது. 1960 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே நாளில், அவர் மறைந்தார். அவர் கணக்கில் பிளாஸ்டிக் இல்லை. மண்ணுக்குத் திரும்பாத ஒன்று ஒவ்வொரு வீட்டுக்கும் நாள்தோறும் வரும் என்று ஹோவர்டும் எதிர்பார்க்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

அந்தப் புதுப் பொருளுக்கு ஓர் இடம் தேடிய கதை மதுரையில் நடந்தது. கருமுத்து தியாகராசர் 1957-இல் திருப்பரங்குன்றத்தில் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் ராஜகோபாலன் வாசுதேவன். பிளாஸ்டிக்கை ஒழிப்பது என்றே எல்லோரும் பேசிய காலத்தில், அவர் கேட்ட கேள்வி வேறு. பிளாஸ்டிக்கும் தாரும் பெட்ரோலிய வழி வந்த உறவுக்காரர்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டாதா?

விடை கிடைத்த விதம் வேதியியல் தெரியாத எனக்கும் புரியும்படி எளியது. சாலைக்கு இடும் கருங்கல் சல்லியை ஏறத்தாழ 160, 170 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். சில மில்லிமீட்டர் அளவுக்குத் துண்டாக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவுகிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் அது இளகிக் கல்லின்மேல் மெல்லிய மேற்பூச்சாகப் படிகிறது. அதன்மேல் சூடான தாரை ஊற்றிக் கலக்கிச் சாலையில் பரப்புகிறார்கள். கல்லின் நுண்துளைகளைப் பிளாஸ்டிக் அடைத்துவிடுவதால் நீர் உள்ளே இறங்குவது குறைகிறது. தார்ச்சாலையின் முதல் எதிரி நீர்தான். மழைக்காலம் முடிந்ததும் நம் சாலைகளில் நடந்தவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. பிளாஸ்டிக் சிதைந்து நச்சுப்புகை விடும் வெப்பநிலை இதைவிட மிகக் கூடுதல் என்பதால், இளக்குவது வேறு, எரிப்பது வேறு. 3.75 மீட்டர் அகலமுள்ள ஒருவழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டன் தார் வேண்டும்; இம்முறையில் 9 டன் தாரும் 1 டன் பிளாஸ்டிக்கும் போதும். ஒரு டன் என்பது ஏறக்குறைய 10 இலட்சம் கடைப் பைகள்.

2002-இல் அந்தச் சாலை முதலில் போடப்பட்டது கல்லூரி வளாகத்துக்குள்ளேயே. இந்தச் செய்தியில்தான் என் மனம் நின்றது. தன் குப்பையைத் தன் எல்லைக்கு வெளியே தள்ளாமல், தன் மாணவர்கள் நடக்கும் தரையாகவே ஒரு வளாகம் ஆக்கிக்கொண்டது. புஞ்சை இல்லாத ஊர், குப்பையடிக்கத் தனக்கு ஒரு புஞ்சையைக் கண்டுபிடித்ததுபோல! அதே ஆண்டு சென்னை நுங்கம்பாக்கத்தில் ஜம்புலிங்கம் தெருவும் இம்முறையில் போடப்பட்டது. கல்லூரிக்கு 2006-இல் காப்புரிமை கிடைத்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் விலைக்குக் கேட்டபோது கொடுக்காமல் வாசுதேவன் அரசுக்கு இலவசமாகவே தந்தார். 2013-இல் இந்தியச் சாலைப் பேரவை இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. 2015-இல் பெருநகரங்களைச் சுற்றியுள்ள சாலைகளில் கழிவுப் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்த மத்திய அரசு கட்டளையிட்டது. 2018-இல் பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ.

புகழ்ச்சியோடு நிறுத்திக்கொண்டால் அது பாராட்டுவிழா உரையாகிவிடும். சாலை தேயும்போது பிளாஸ்டிக் நுண்துகள்களாக மண்ணில் இறங்காதா என்ற கேள்வி இப்போது எழுப்பப்படுகிறது. கேட்கப்பட வேண்டிய கேள்வி. சாலை இருக்கிறதே என்று உற்பத்தியைக் குறைக்காமல் விடுவார்கள் என்ற அச்சமும் நியாயமானது. ஆனால் நான் சொல்ல வருவது இவற்றுக்கு முந்திய ஒரு படி. அந்தச் சல்லியின்மேல் எந்தப் பிளாஸ்டிக்கையும் தூவிவிட முடியாது. பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன், பாலிஸ்டைரீன் ஆகலாம். பி.வி.சி. ஆகாது, சூடேறினால் குளோரின் கலந்த நச்சுவாயு வரும். மண்ணும் ஈரமும் எச்சிலும் ஒட்டியது உதவாது. கழுவி, உலர்த்தி, பிரித்ததாக இருக்க வேண்டும். பேராசிரியரின் கலவை இயந்திரத்துக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து கையால் பிரித்துக்கொண்டிருக்கிறாள். பத்திரிகைப் படங்களில் அவள் வருவதில்லை. கண்டதையும் குப்பையில் போட்டால் அந்தக் குப்பை சாலைக்கும் ஆகாது, எருவுக்கும் ஆகாது.

சட்டமும் சுற்றிவந்து இதையேதான் சொன்னது. அல்மித்ரா பட்டேல் என்ற பொறியாளர் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக 2000-இல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. அவற்றின் இடத்தில் 2016 ஏப்ரலில் வந்த விதிகள், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்குவோரைத் தனியே ‘பெருங்கழிவாளர்’ என்று வகுத்தன. அப்பட்டியலில் பல்கலைக்கழகம், கல்வி நிறுவனம், விடுதி மூன்றும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டன. மட்குவது, மட்காதது, தீங்கு தருவது என்று உண்டாகும் இடத்திலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றது விதி. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகையைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. தர மதிப்பீட்டுக் குழுக்கள் கல்லூரிகளுக்கு வரும்போது திடக்கழிவு மேலாண்மைக்குச் சான்று கேட்கின்றன. ஆகவே எல்லா வளாகங்களிலும் பச்சைத்தொட்டியும் நீலத்தொட்டியும் வந்துவிட்டன.

நான் பணிபுரிந்த கல்லூரிகளுள் ஒன்றில் (பெயர் வேண்டாம்; படிப்பவர்கள் தங்கள் கல்லூரி என்றே எண்ணிக்கொள்ளலாம்) தொட்டிகள் இரண்டும் குழுவின் வருகைக்கு முந்திய வாரம் வந்தன. அருகில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டோம். ஒரு விடியற்காலை தேர்வுப்பணிக்காக முன்னதாகவே போனபோது பார்த்தேன். இரு தொட்டிகளையும் ஒரே தள்ளுவண்டியில் கவிழ்த்து, விடுதிக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கொட்டித் தீவைத்துக் கொண்டிருந்தார்கள். பச்சையும் நீலமும் சேர்ந்து கறுப்பாகப் புகைந்தன. அறிக்கையின் அந்தப் பகுதியை எழுதியவர்களுள் நானும் ஒருவன் என்பதால் யாரிடமும் கோபித்துக்கொள்ள எனக்கு அருகதை இல்லை.

புகைக்கு இந்தப் பக்கம் ஒப்பந்தப் பணியாளரான அக்கா ஒருவர் குந்தியிருந்து, தீக்குள் போகுமுன் பால் உறைகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் பொறுக்கிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார். பழைய பொருள் கடையில் எடைக்குப் போட்டால் வாரத்துக்கு ஏதோ கிடைக்கும். கையுறை இல்லை. சேலைத் தலைப்பை மூக்கில் கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நிற்க வேண்டாம் என்று சொல்லியும் உட்காரவில்லை. எரிப்பது சட்டப்படி தவறு என்பதை அவரிடம் போய்ச் சொல்வது எவ்வளவு அபத்தம் என்று தோன்றியதால், “பிரிக்கிறதுக்கு நாங்க என்னக்கா செய்யணும்?” என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. “மத்ததெல்லாம் நான் பாத்துக்கிருவேன் சார். சோத்த மட்டும் கவருக்குள்ள வச்சுக் கட்டிப் போடாம இருக்கச் சொல்லுங்க. கைய விட்டு அவுக்க முடியல. நாத்தம் சோறு எறங்க மாட்டேங்குது.”

முதுகலை வகுப்புக்குப் போய், கேள்வி கேட்ட மாணவரிடம் இதை அப்படியே சொன்னேன். அவரும் விடுதியில் தங்கிப் படிப்பவர்தான். சற்று நேரம் பேசாமல் இருந்தார். அன்று இரவு உணவுக்கூடத்தில், மிச்சச் சோற்றைத் தனியே கொட்ட வாளி எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். வாளி இல்லை. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இருந்த குளுதாடி, அறுநூறு பேர் உண்ணும் கூடத்தில் ஒன்றுகூட இல்லை. மூடியுள்ள பெரிய வாளிகள் இரண்டும், அக்காவுக்கும் அவரோடு வேலை செய்பவர்களுக்கும் கையுறைகளும் வேண்டுமென்று மாணவர்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை அலுவலகத்தில் கொடுத்தோம். மிச்சச் சோற்றை மாட்டுக்கு எடுத்துக்கொள்ளப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் முன்வந்திருக்கிறார். விலைப்புள்ளி மூன்று வேண்டும் என்று கோப்பு திரும்பி வந்தது. இரண்டு வாங்கிவிட்டோம்.